மிளகு கொட்டிய மண்டபம்

பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த இந்த மூன்று வருடத்தில் எனக்கு நன்றாகப் பழகியது அது ஒன்றுதான். இங்கத்துக் குளிர்கூட இன்னும் பழகவில்லை.

செம்மேட்டுக் குடியிருப்பில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெற்கே கடற்கரை ஊரிலிருந்து வந்தவள். வாசலில் கட்டிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பொங்கல் முடிந்தும் கழற்ற மாட்டாள், அதற்கும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மலை முழுக்க அவளுக்குச் 'சிஸ்டர்' என்றுதான் பெயர். நான் ராசிபுரம் பக்கத்துக்காரி. ஓர் அரசு அலுவலகத்தில் மனு வாங்கி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றுகிற வேலை. அவளைத் தேடி வருகிறவர்கள் பலாப்பழத்தோடு வருவார்கள். என்னைத் தேடி வருகிறவர்கள் மனுவோடு வருவார்கள். பஸ்ஸில் அவள் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். நான் ஏறினாலும் எழுந்திருப்பார்கள். என் பக்கத்தில் வந்து நின்று, "அம்மிணி, அந்த மனு என்னாச்சுங்க?" என்று கேட்பதற்கு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் விஷயத்தில்தான் என்னால் முடியவில்லை.

சிஸ்டருக்கும் ஒரு மகள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. நான் ஆபீஸ் முடிந்து வர ஆறு மணி ஆகிவிடும். என் கணவர் ஈரோட்டில் மின்வாரிய வேலையில் இருக்கிறார், வாரம் ஒருமுறைதான் மலை ஏறுவார். அதனால் பள்ளி விட்டதும் என் மகள் நேரே சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். அங்கேயே பால் குடிப்பாள், அங்கேயே வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் போய்க் கூப்பிட்டால், "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்பாள். ஒரு நாள் நான் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து, "சிஸ்டரம்மா, எனக்கும் தலை பின்னி விடுங்க" என்று அவள் குரல் கேட்டது. சிஸ்டரம்மா. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, பாதி பின்னிய தலையோடு மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பத்தடி தூரத்துக்குள் மூன்று தடவை "ஏம்மா?" என்று கேட்டாள்.

அந்த ஐப்பசியில் சிஸ்டர் தன் மகளுக்குப் பிறந்தநாள் வைத்தாள். மலையிலேயே திருப்புலி நாட்டுப் பக்கம் ஒரு விவசாயி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விடுவதற்காக மூன்று அறைகள் கட்டி, பக்கத்திலேயே தகரக் கூரை போட்டு ஒரு மண்டபமும் எழுப்பியிருந்தார். வாசலில் ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம். விழா அங்கேதான். நானும் போயிருந்தேன். காகிதத் தட்டுகளை எண்ணி அடுக்கிக் கொடுத்தேன். சிஸ்டர் ஒரு பெரிய பலூனுக்குள் மிட்டாய்களைப் போட்டு ஊதி, உத்தரத்தில் கட்டி, குச்சியால் குத்தி வெடிக்க வைத்தாள். அவ்வளவுதான். கடை மிட்டாய், ஒரு பலூன். பிள்ளைகள் கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். என் மகள் ஒரு மாதம் அதையே பேசினாள். சாப்பிடும்போது பேசினாள், குளிக்கும்போது பேசினாள். கடைசியில் ஒரு நாள் என் மடியில் படுத்துக்கொண்டு, "என் பொறந்த நாளுக்கும் சிஸ்டரம்மாவையே பலூன் கட்டச் சொல்லலாமாம்மா?" என்று கேட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தை மாதம் அவளுக்கு ஆறு முடிகிறது. ஒரே ஒரு நாள் என் மகள் என்னைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும். "எங்கம்மா செஞ்சாங்க" என்று பள்ளி முழுக்கச் சொல்ல வேண்டும். அதுவும் அதே மண்டபத்தில், சிஸ்டரின் கண் முன்னால். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

மார்கழியில் போய் மண்டபத்தைப் பேசினேன். மண்டபக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எதற்கும் அவசரப்படாத ஆள்.

"தை மாசங்களா?" என்று தலையைச் சொறிந்தார்.

"ஏன், வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

"தையில ஆரும் கேக்க மாட்டாங்க அம்மிணி. நீங்க வெச்சுக்குங்க. வெயிலு நல்லா அடிக்கும்."

அவர் கரித்துண்டை எடுத்துக் கதவுப் பலகையில் 'ஆபீஸ் அம்மா ஊட்டுப் பாப்பா' என்று எழுதித் தேதியைப் போட்டார். அவருடைய பதிவேடு அந்தக் கதவுதான். எனக்கு அது போதவில்லை. முன்பணத்துக்கு நானே ஒரு ரசீது எழுதி, அவர் கையில் பேனாவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். "சொன்னாப் போதாதுங்களா?" என்று சிரித்துக்கொண்டே போட்டார். தை மாதத்தில் ஏன் யாரும் மண்டபம் கேட்க மாட்டார்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. மூன்று வருடம் மிளகுக் கொடிகளுக்கு நடுவில் குடியிருந்தும் நான் மிளகை ரசத்தில் மட்டும்தான் கவனித்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஏற்பாடு, ஏற்பாடு, ஏற்பாடு. நாமக்கல்லில் இரண்டு அடுக்கு கேக் சொன்னேன். காற்றடித்து எழுப்பும் கோட்டை ஒன்றை வாடகைக்குப் பேசினேன். பிள்ளைகள் உள்ளே போய்க் குதிக்கலாம், மூலைக்கு மூலை கோபுரம் இருக்கும். இந்த மலையில் அதுவரை எந்தப் பிள்ளையும் அப்படி ஒன்றைப் பார்த்திருக்காது. பிள்ளைகளை மினி பஸ்ஸில் கூட்டி வருகிற வேலையை வேண்டுமென்றே சிஸ்டரிடம் கொடுத்தேன். கோட்டையைப் பார்த்து அவர்கள் கத்தும்போது அவள் நடுவில் நின்று கேட்க வேண்டும்.

விழா சனிக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை மழை பிடித்தது. தை மாதத்தில் மழையா என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை செல்போன் டவர் படுத்துவிட்டது. கீழே எங்கேயோ மின்கம்பங்கள் சாய்ந்ததால் என் கணவருக்கு விடுப்பு இல்லை என்பதை, கேக் பெட்டியை மடியில் வைத்து எழுபது வளைவும் ஏறி வந்த பஸ் கண்டக்டர்தான் சொன்னார். கேக் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பரவாயில்லை, கோட்டை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மண்டபத்துக்குப் போய் இறங்கினேன். கோட்டையைச் சுருட்டி ஏற்றிய குட்டியானை வண்டி எனக்கு முன்பே வந்து தூறலில் நின்றது. மண்டபக் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையே தெரியவில்லை. சுவருக்குச் சுவர் தார்ப்பாய் விரித்து மிளகு. பச்சையும் கறுப்புமாக, பாதி காய்ந்தும் காயாமலும், கணுக்கால் உயரத்துக்கு மிளகு. இரண்டு மூன்று பெண்கள் வரிசையாக நின்று காலால் தேய்த்துத் தேய்த்து அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். காரம் மூக்கில் ஏறியது. கரியால் எழுதிய என் மகளின் தேதி கதவில் அப்படியே இருந்தது.

"என்னங்க இது?"

"மழை வந்துருச்சுங்களே அம்மிணி," என்றார் மண்டபக்காரர். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படும் என்று அவர் நினைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தார். "மொளகு நனைஞ்சா பூசணம் புடிச்சுருமுங்க. வருசத்துக்கு ஒருக்கா வர்ற காசு. ஆரு ஊட்டுல பெரிய கூரை இருக்குதோ அங்க கொண்டாந்து கொட்டிருவாங்க. கேக்கறதும் இல்ல, வேண்டாங்கறதும் இல்லீங்க. இதுல என்ற மொளகு கால்வாசிகூட இல்ல. ஊரு மொளகு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"போன் எடுக்கலீங்க. மழை பேஞ்சா நீங்களே தெரிஞ்சுக்குவீங்கன்னு இருந்துட்டேன். ஒரு ஓரமா ஒதுக்கித் தாரேன், கேக்கு வெட்டிக்குங்க."

ஓரமாக. என் மகளின் பிறந்தநாளை ஓரமாக. அந்த நேரத்தில் மினி பஸ் வந்து நின்றது. பதினெட்டுப் பிள்ளைகள், என் மகள் வெள்ளைக் கவுனில், கடைசியாகச் சிஸ்டர். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வண்டியில் சுருண்டு கிடந்த கோட்டையைப் பார்த்தாள். அவள் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. "அக்கா, நீங்க அவர்ட்ட பேசுங்க. பிள்ளைகளை நான் பாத்துக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

நான் பேசினேன். வாசலுக்கு வெளியே, தகரக் கூரையின் ஓரத்தில் நின்று பேசினேன். ரசீதைக் கைப்பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டிப் பேசினேன். இது ஒப்பந்தம், நீங்கள் போட்டது கையெழுத்து, இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றார். வாதாடாத ஆளிடம் சண்டை போடுவதுபோல அலுப்பு வேறில்லை. என் குரல்தான் ஏறிக்கொண்டே போனது.

உள்ளேயிருந்து தும்மல் சத்தம் கேட்டது. அப்புறம் பதினெட்டுப் பிள்ளைகளும் தும்மினார்கள், பதினெட்டுப் பிள்ளைகளும் சிரித்தார்கள். சிஸ்டரின் குரல், "காலத் தூக்கப்படாது, தேச்சுக்கிட்டே போணும், ரயிலு மாதிரி," என்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என் பேச்சு உடைந்துவிடும் என்று இருந்தது.

"இதே சிஸ்டர் கேட்டிருந்தா மொளகை வாரிட்டு மண்டபத்தைக் குடுத்திருப்பீங்க இல்ல?" என்றேன். அதுதான் அத்தனை நேரமும் நான் கேட்க நினைத்த கேள்வி.

அவர் நிஜமாகவே யோசித்தார். "சிஸ்டருங்களா," என்று உள்ளே ஒரு பார்வை பார்த்தார். "அவங்க கேட்டிருக்க மாட்டாங்க அம்மிணி."

இதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அதற்கப்புறம் நான் விடுவதாக இல்லை. சிஸ்டரின் மகள் வாசலுக்கு வந்து, "ஆன்ட்டி, கேக் சாயுதாம், அம்மா கூப்பிடுறாங்க," என்றாள். வருகிறேன் என்று சொல் என்றேன். கொஞ்ச நேரத்தில் என் மகளே வந்தாள். முழங்கால் வரை கருந்தூசி, கவுன் ஓரமெல்லாம் கறை, மூக்கு சிவந்திருந்தது. "அம்மா, வா," என்றாள். "இரு, அம்மா பேசிட்டிருக்கேன்ல," என்றேன். அவள் ஒரு நொடி நின்றாள். பிறகு ஓடிப்போனாள்.

"எனக்கு முன்பணம் வேண்டாம். இழப்பீடு வேணும்," என்றேன் அவரிடம்.

"அது என்னங்க?"

"நஷ்டஈடு. நீங்க சொன்னபடி நடக்கல. அதனால எங்களுக்கு ஆன நஷ்டத்தை நீங்க ஈடு கட்டணும்."

அவர் முகம் தெளிந்தது. "காட்டுப்பன்னி மரவள்ளிக் கெழங்கைத் தோண்டிப் போட்டுட்டா கவர்மெண்டுல குடுப்பாங்கங்கறாங்களே, அதுங்களா?"

"அதே மாதிரிதான்."

"அதுக்கு மனுக் குடுத்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. உங்க கையிலதானுங்க குடுத்தேன்." குத்திக் காட்டவில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

அப்போது உள்ளே பாட்டுச் சத்தமும், அதைத் தொடர்ந்து கைதட்டலும் கேட்டன. நான் உள்ளே போவதற்குள் கேக்கின் மேலடுக்கு தீர்ந்திருந்தது.

திரும்பும்போது மினி பஸ்ஸில் நான் டிரைவருக்குப் பக்கத்தில் காலிக் கேக் பெட்டியோடு உட்கார்ந்தேன். பின்னால் என் மகள் சிஸ்டருக்கும் அவள் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து தும்மிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள். கோட்டை விரிக்கப்படாமலே மலை இறங்கிப் போனது. வீட்டுக்கு வந்ததும் மகளைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்தேன். அப்புறம் நான் குளிக்கப் போனேன். குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மண்டபக்காரர் முன்பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். கூடவே ஒரு தார் வாழைப்பழம். நான் இரண்டையும் வாங்கவில்லை. வாங்கிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். எனக்கு அது முடியக் கூடாது. யாராவது ஒரு பெரிய அதிகாரி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எனக்கு அநியாயம் நடந்தது என்று முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் காட்ட வேண்டும்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். எனக்கு மனுவைப் பற்றி யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. என் மேசைக்கு வருகிறவர்கள் கண்ணீரும் கம்பலையுமாக நாலு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். "வருத்தத்தை எழுதாதீங்க, நடந்ததை எழுதுங்க. யாருக்கு, என்ன நஷ்டம், அதை மட்டும் எழுதுங்க," என்று தினமும் பத்துப் பேரிடமாவது சொல்வேன். அப்படியே எழுதினேன். மண்டபம் முன்பதிவு செய்த நாள், ரசீது, நிகழ்வு நாள், மண்டபம் தரப்படாதது. கடைசியில், 'இதனால் குழந்தைக்குக் கடும் மன உளைச்சல் ஏற்பட்டது'. தொகைக்கு மட்டும் இடம் விட்டேன். எவ்வளவு கேட்பது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

ஆதாரம் வேண்டுமே. அன்றைக்குப் படம் எடுத்தவள் சிஸ்டர்தான். கேட்டதும் முப்பது படங்களுக்கு மேல் அனுப்பினாள். அழுகிற முகமாக, குறைந்தது வாடின முகமாக ஒன்று கிடைத்தால் போதும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மிளகில் வரிசையாகக் கால் தேய்க்கிற பிள்ளைகள். தும்முவதற்கு வாயைத் திறந்து கண்ணை மூடிய என் மகள். மிளகு கிளறுகிற பெண் ஒருத்தியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டுகிற என் மகள். கேக் கத்தியின் மேல் மூன்று கைகள்: என் மகளுடையது, அவள் தோழியுடையது, சிஸ்டருடையது. யாரோ சிஸ்டரிடமிருந்து போனை வாங்கி அதை எடுத்திருக்க வேண்டும். எந்தப் படத்திலும் என் மகள் அழவில்லை. எந்தப் படத்திலும் நான் இல்லை. பொய் சொல்லக் கூடாது, ஒன்றில் இருந்தேன். பிள்ளைகளுக்குப் பின்னால், திறந்த கதவுக்கு வெளியே, என் முதுகு. ஒரு கை மட்டும் காகிதத்தைப் பிடித்தபடி நீண்டிருந்தது.

அந்தப் படத்தை அழித்தேன். அவள் போனில் அது இருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. அவளை விட்டால் வேறு ஆளில்லை. சாயங்காலம் போனேன். அவள் யூனிபார்ம்கூட மாற்றாமல் இரண்டு பெண்களுக்கும் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் மகள் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு மறுபடி நோட்டில் குனிந்தாள். சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு புகாரை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள்.

"எல்லாம் சரியா எழுதிருக்கீங்கக்கா. இந்த ஒரு வரிதான்," என்றாள்.

"ஏன், அதுக்கென்ன?"

"பாப்பா அன்னைக்கு அழவே இல்லியே."

"கேஸுன்னா அப்படித்தான் எழுதணும்."

"பிரசவ ரெஜிஸ்டர்ல பாக்காதத எழுதிப் பழக்கமில்லக்கா எனக்கு. பாத்தத எழுதுதேன், சரியா?" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'குழந்தைக்கு' என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே குட்டியாக 'குழந்தையின் தாயாருக்கு' என்று எழுதினாள். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டாள். ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டைத் திருத்துவதுபோல அவ்வளவு சாதாரணமாக.

"இதை நீங்க எப்பப் பாத்தீங்க?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் பிள்ளைகள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பாக்கல. கேட்டேன். சுவரு ஒண்ணுதானே அக்கா."

நான் எழுந்து வந்துவிட்டேன். மகள் வேண்டும், மண்டபம் வேண்டும், மலைக்காரர்களின் பலாப்பழம் வேண்டும், கடைசியில் நான் குளியலறையில் அழுத அழுகையும் இவளுக்கு வேண்டுமா? அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்து மருகினேன். வேறு தாளில் புதிதாக எழுதியிருக்கலாம். அந்தக் கையெழுத்து போய்விடும், வேறு சாட்சி கிடையாது. அதனால் அடித்துத் திருத்திய அந்தத் தாளையே வைத்துக்கொண்டேன். திருத்தம் தவறு என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆணையத்துக்குப் போகும் முன் எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் கொடுத்து வாய்ப்புத் தர வேண்டும் என்று எனக்குத் தெரியும். தபாலில் அனுப்பியிருக்கலாம். நேரில் கொடுத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை கிளம்பியபோது மகளும் வருவேன் என்று அடம்பிடித்தாள். கூட்டிக்கொண்டு போனேன்.

வெயில் வந்திருந்தது. மண்டபம் காலியாக, பெருக்கித் துடைத்துக் கிடந்தது. மிளகெல்லாம் வெளியே வாசலில், கன்னங்கரேலென்று சுருங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. மண்டபக்காரர் ஓரத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் மகள் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு மிளகுக்குள் இறங்கினாள். அவர் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டார்.

காகிதத்தை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி ஊட்டுக்குள்ள இருக்குது அம்மிணி. நீங்களே படிச்சுச் சொல்லுங்க. நீங்கதானுங்க எல்லாருக்கும் படிச்சுச் சொல்லுவீங்க."

யார் மேல் புகார் எழுதினேனோ அவருக்கே அதைப் படித்துக் காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். அடித்துத் திருத்திய வரி வந்தபோது என் குரல் இறங்கியது. குழந்தையின் தாயாருக்குக் கடும் மன உளைச்சல் ஏற்பட்டது. வேறு யாருடைய மனுவையோ படிப்பதுபோல வேகமாகப் படித்து முடித்தேன்.

"அத்தனையும் நெசந்தானுங்க," என்றார். "நான் எங்கீங்க கையெழுத்துப் போடணும்?"

"நீங்க போட வேண்டாம். இது உங்க மேல குடுக்கற புகாரு."

"பரவாயில்லீங்க. தப்பு என்ற மேலதான். ஊரு மொளகுன்னாலும் உங்களுக்கு ஆளனுப்பிச் சொல்லியிருக்கோணும்." கொஞ்ச நேரம் மிளகைத் துழாவினார். "ஈடு எவ்வளவுன்னு போட்டிருக்கீங்க?"

"இன்னும் போடலை."

"போடுங்க. முன்பணமும் தாரேன், அதையும் தாரேன். அடுத்த வருசம் பாப்பாவுக்கு மண்டபமும் சும்மா தாரேனுங்க. தையில வேண்டாம், மொளகெல்லாம் முடிஞ்சு பங்குனியில வெச்சுக்குங்க. அந்தக் காத்துக் கோட்டையையும் வரச் சொல்லுங்க. நான் மின்சாரம் போட்டுத் தாரேன்."

இதைத்தான் நான் கேட்டேன். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கோட்டையை இந்த வாசலில் எங்கே எழுப்பலாம் என்று அப்போதே இடம் பார்த்தேன். சிஸ்டர் எந்த மூலையில் நிற்பாள் என்பதுவரை பார்த்துவிட்டேன்.

"பங்குனின்னா மொளகு இருக்காதா?" என் மகள் மிளகுக்கு நடுவில் நின்றுவிட்டாள்.

"இருக்காது கண்ணு. எல்லாம் மூட்டை கட்டி வித்துருவோம்."

"அப்ப வேண்டாம். மொளகு இருக்கறப்பவே வெக்கலாம்." அவள் மறுபடி காலைத் தேய்த்துக்கொண்டு வரிசையின் கடைசி வரை போனாள். திரும்பி வந்தபோது என் முன்னால் நின்று, முகத்தை நிமிர்த்தி, யாரையோ விருந்துக்கு அழைக்கிற பெரிய மனுஷியின் குரலில் சொன்னாள்.

"அடுத்த வருசம் நீயும் வாம்மா. நல்லா இருக்கும்."

"இந்த வருசமும் அம்மா வந்தேனே சாமி," என்றேன்.

அவள் என்னை நம்பத்தான் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, அன்றைய நாள் முழுவதையும் ஒருமுறை தேடிப் பார்த்தாள்.

"எப்ப?" என்று கேட்டாள்.